வீடு வீடாக கேன்வாசிங்: தெருவில் இறங்குபவருக்கான கையேடு

ஓட்டு கேட்பது, நன்கொடை திரட்டுவது, பொருள் விற்பது, கணக்கெடுப்பது என்று நோக்கம் எதுவானாலும் வேலை ஒன்றுதான். முன்பின் தெரியாதவர் வாசலில் நின்று, அவர் கதவைச் சாத்துவதற்குள் பேச்சைத் தொடங்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் நல்ல வாய் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். வாய் வேண்டியதுதான். ஆனால் ஒரு ஷிஃப்ட் உருப்படியாகப் போனதா என்பதை, அந்த மூன்று மணி நேரத்தில் எத்தனை பேரிடம் உண்மையாகப் பேச முடிந்தது என்பதே சொல்லும். தெருவில் நடக்கும் வரிசை, பெல் அடித்துவிட்டு நிற்கும் இடம், நன்றி சொல்லிக் கிளம்பும் தருணம், தாளில் போடும் குறி எல்லாமே அந்த எண்ணிக்கையைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். தனி வீடுகள் நெருக்கமாக உள்ள தெருவில் மணிக்கு 15 முதல் 20 கதவு தட்டலாம். மூன்று மணி நேரத்துக்கு 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 20 கதவு திறந்தால் நல்ல மாலை. திறந்த 20 பேரில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்று கேட்பார்கள். அவர்களில் இரண்டு முதல் நான்கு பேர் சம்மதிப்பார்கள். வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் எல்லாமே குறையும். எப்படிப் பார்த்தாலும் 60 கதவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கதவுகளில் ஒன்றும் கிடைக்காது. அது உங்கள் தோல்வி இல்லை, இந்த வேலையின் அமைப்பே அப்படி. முதல் நாளே இது மனதில் பதிந்துவிட்டால், இரண்டாம் வாரம் வேலையை விட்டு ஓட வேண்டியிருக்காது.

சேரும் முன் கேட்க வேண்டியவை

சம்பளம் மணிக்கணக்கா, நாள்கணக்கா, கமிஷனா என்று தெளிவாகக் கேளுங்கள். முழுக்கக் கமிஷன் என்றால் ஆளில்லாத தெருவில் வீணாகும் மாலையின் நஷ்டம் முழுவதும் உங்கள் தலையில். மாதாமாதம் நன்கொடை தருவதாக ஒப்புக்கொண்டவர் இரண்டாம் மாதமே நிறுத்திவிட்டால், உங்களுக்குக் கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிப்பார்களா, எத்தனை மாதம் வரை பிடிப்பார்கள் என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். பலர் இதைக் கேட்பதே இல்லை, பிறகு சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைக்கிறார்கள். பயிற்சி நாட்களுக்கு ஊதியம் உண்டா, போக்குவரத்துச் செலவு யாருடையது, டார்கெட் எட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஐடி கார்டுக்கும் பைக்கும் முன்பணம் கட்டு என்று சொல்லும் இடத்தில் சேர வேண்டாம்.

பல நகரங்களில் வீடு வீடாக விற்கவோ பணம் திரட்டவோ உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை போகலாம் என்ற வரம்பும் இருக்கும். அனுமதி வாங்குவது நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் தெருவில் போலீஸ்காரர் நிறுத்திக் கேட்கப் போவது உங்களைத்தான். நகல் உங்கள் பையில் இருக்கட்டும்.

பையில் என்ன

கிளிப் வைத்த கெட்டி அட்டை, அதன் அடிப்பக்கத்தில் ஒரு ரப்பர் பேண்ட். அது இல்லாவிட்டால் காற்றில் தாள் மடங்கிக்கொண்டே இருக்கும், பேசும்போது ஒரு கை அதைப் பிடிப்பதற்கே போய்விடும். இரண்டு பால்பாயின்ட் பேனா, ஒரு பென்சில். ஜெல் பேனா வேண்டாம், தூறல் பட்டால் ஒரு பக்கம் முழுக்க மை கரைந்துவிடும். அட்டையோடு சேர்த்து உள்ளே போடும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர். ஒரு லிட்டர் தண்ணீர், சின்ன டார்ச், பவர் பேங்க், ஒரு ஜோடி மாற்றுச் சாக்ஸ். மழைக்குக் குடையைவிட ரெயின்கோட் நல்லது. ஒரு கையில் குடை, மறு கையில் அட்டை என்றால் பேனா பிடிக்க மூன்றாவது கை வேண்டும்.

ஐடி கார்டின் இரண்டு பக்கமும் அச்சாகியிருக்க வேண்டும். கழுத்தில் தொங்கும் கார்டு நடக்கும்போது திரும்பிக்கொள்ளும். வெற்றுப் பக்கம் தெரிய வாசலில் நிற்பவரை யாரும் நம்ப மாட்டார்கள். புத்தம்புது ஷூவைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், இரண்டு வாரமாவது பழகியதாக இருக்கட்டும். பை சின்னதாக, முதுகில் மாட்டுவதாக இருக்கட்டும். பெரிய தோள்பையோடு நிற்பவரைப் பார்த்ததும், ஏதோ விற்க வந்திருக்கிறார் என்ற முடிவு ஜன்னல் வழியாகவே எடுக்கப்பட்டுவிடும்.

நேரமும் தெருவும்

வார நாட்களில் மாலை நாலரை முதல் ஏழரை வரை, சனிக்கிழமை காலை பத்தரை முதல் ஒரு மணி வரை. கதவு அதிகம் திறக்கும் நேரங்கள் இவை. நாலரைக்கு ஓய்வு பெற்றவர்களும் வீட்டில் இருப்பவர்களும் கிடைப்பார்கள். ஆறுக்குமேல் வேலைக்குப் போனவர்கள் வருவார்கள். இருட்டிய பிறகு திறக்கும் கதவும் குறையும், திறப்பவரின் பொறுமையும் குறையும். எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரிய ஆட்டத்தன்று, முடிந்தால் ஷிஃப்டையே மாற்றிக்கொள்ளுங்கள்.

அகலமான தெருவில் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் திரும்பி வாருங்கள். குறுக்கே குறுக்கே கடந்தால் அந்த நடையிலேயே பத்து கதவின் நேரம் போய்விடும். குறுகிய சந்தில் மட்டும் எதிரெதிர் வீடுகளாகப் போகலாம். அடுக்குமாடிக் கட்டடத்தில் முதலில் காவலாளியிடமோ குடியிருப்போர் சங்கத்திடமோ அனுமதி. பிறகு லிஃப்டில் மேல்தளம் போய் அங்கிருந்து படியில் இறங்கிக்கொண்டே வாருங்கள். ஒரு தளத்தில் ஒரு வாசலில் பேசுவது மற்ற மூன்று வீட்டுக்கும் கேட்கும், குரலை அதற்கேற்பத் தாழ்த்துங்கள்.

வீட்டின் தோற்றத்தை வைத்து எதையும் தாண்டிப் போகாதீர்கள். ‘இங்கே கொடுக்க மாட்டார்கள்’ என்று வெளியே நின்று எடுக்கும் முடிவு உங்கள் களைப்பு எடுக்கும் முடிவு. பெரிய கேட்டைப் பார்த்துப் பயந்து தாண்டுவதும், ஓட்டு வீட்டைப் பார்த்து இரக்கப்பட்டுத் தாண்டுவதும் ஒரே தவறுதான். தாண்ட வேண்டிய வீடு ஒன்று உண்டு: ‘விற்பனையாளர்கள் வர வேண்டாம்’ என்ற பலகை மாட்டிய வீடு. சில இடங்களில் அந்தப் பலகையை மீறுவது சட்டப்படியே குற்றம்.

வாசலில் முதல் அரை நிமிடம்

கேட்டைத் திறப்பதற்கு முன் தாழ்ப்பாளை லேசாக ஆட்டி ஓசை எழுப்புங்கள். நாய் இருந்தால் நீங்கள் உள்ளே போவதற்கு முன்பே தெரிந்துவிடும். நாய் வந்துவிட்டால் ஓடக் கூடாது, அதன் கண்ணையே பார்க்கவும் கூடாது. அட்டையை உங்களுக்கும் அதற்கும் நடுவில் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். திரும்பி வரும்போது கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட வேண்டும். மூடியிருந்த கேட்டைத் திறந்து விட்டுவிட்டு வந்தால் நாயோ குழந்தையோ தெருவுக்கு வந்துவிடும்.

பெல் இருந்தால் ஒரு முறை. இல்லையென்றால் விரல் மூட்டால் மூன்று தட்டு. இரண்டையும் சேர்த்துச் செய்தால் அவசரக்காரன் வந்திருப்பதாகத் தோன்றும். அடித்த கையோடு இரண்டடி பின்னால் வந்து, கதவுக்கு நேராக இல்லாமல் சற்று ஒதுங்கி நில்லுங்கள். கதவுத் துளை வழியாகப் பார்ப்பவருக்கு உங்கள் முகமும் கார்டும் முழுதாகத் தெரிய வேண்டும். கூலிங் கிளாஸைக் கழற்றுங்கள், ஃபோன் பாக்கெட்டில் இருக்கட்டும், ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். 25 முதல் 30 விநாடி காத்திருந்து இன்னொரு முறை, மறுபடி 20 விநாடி. அதற்குமேல் காத்திருப்பது வீண். அதற்குக் குறைவாக நிற்பதும் தவறு, முட்டி வலியோடு எழுந்து வரும் பெரியவருக்கு அரை நிமிடம் ஆகும்.

குழந்தை கதவைத் திறந்தால், “பெரியவங்களைக் கூப்பிடு கண்ணு” என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டடி பின்னால் போங்கள். ‘வீட்டில் யாரும் இல்லையா?’ என்று கேட்கவே கூடாது. குழந்தை தனியாக இருக்கிறதா என்று விசாரிக்கும் கேள்வி அது. கேட்கும் நோக்கம் நல்லதாக இருந்தாலும் கேட்பவரை அப்படித்தான் பார்ப்பார்கள். பெரியவர் வராவிட்டால் ‘ஆளில்லை’ என்று குறித்துவிட்டு நகருங்கள்.

தொடக்கப் பேச்சு 15 விநாடிக்குள் முடிய வேண்டும். பெயர், எதற்காக வந்திருக்கிறோம், ஒரு கேள்வி. இப்படி:

“வணக்கங்க. என் பேரு செல்வி. கண்புரை ஆபரேஷனுக்கு வசதியில்லாதவங்களுக்காக இந்தத் தெருவில எல்லா வீட்டுலயும் பேசிக்கிட்டு வர்றோம். உங்க வீட்டுல யாருக்காவது கண் ஆபரேஷன் நடந்திருக்குங்களா?”

‘இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும்’ என்ற சொற்கள் காரணத்தோடுதான் இருக்கின்றன. ஏன் என் வீட்டை மட்டும் தேடி வந்தார் என்ற சந்தேகத்தை அது தீர்த்துவிடுகிறது. கேள்வியும் அவருடைய அனுபவத்திலிருந்து பதில் வரும்படியான கேள்வி. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனதைப் பற்றி ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் பேச்சு தொடங்கிவிட்டது.

இதே இடத்தில் கெடுத்துக்கொள்ளும் வழிகளும் உண்டு. “தொந்தரவுக்கு மன்னிக்கணும்” என்று ஆரம்பித்தால், நான் தொந்தரவு என்று நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். “ஒரு நிமிஷம் நேரம் இருக்குங்களா?” என்பது ‘இல்லை’ என்ற பதிலைத் தட்டில் வைத்துக் கொடுப்பது. நோட்டீஸை முதலிலேயே நீட்டுவது எல்லாவற்றிலும் மோசம். கையில் காகிதம் வந்ததும் “சரி, படிச்சுப் பார்க்கிறேன்” என்று கதவைச் சாத்த அவருக்கு ஒரு கௌரவமான வழி கிடைத்துவிடுகிறது. காகிதம் கடைசியில்தான்.

நடுப்பேச்சும் கேட்பதும்

ஸ்கிரிப்டை மனப்பாடம் செய்யுங்கள், ஆனால் ஒப்பிக்காதீர்கள். வழி: முதல் நாளுக்கு முன் வீட்டில் இருபது முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பத்தாவது முறைக்குமேல் எழுத்து நடை உதிர்ந்து உங்கள் வாய்மொழி வந்துவிடும். வரிசை எளிது: என்ன பிரச்சினை, நாங்கள் என்ன செய்கிறோம், நீங்கள் என்ன செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் போதும். மீதி நேரம் அவருடையது.

இதைச் சொல்வதற்கு அனுபவம் மட்டும் ஆதாரமில்லை. டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரு ஆய்வாளர்கள் 2016இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் மியாமியில் 56 கேன்வாஸர்கள் 501 வாக்காளர்களின் வாசலுக்குப் போனார்கள். திருநர் பற்றிய மனக்கசப்பைக் குறைப்பது நோக்கம். வாதம் செய்யாமல், ‘உங்களைப் பிறர் தவறாக எடைபோட்ட சமயம் உண்டா?’ என்ற விதமாகக் கேட்டு, பதிலைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். சுமார் பத்து நிமிடப் பேச்சின் விளைவு குறைந்தது மூன்று மாதம் நின்றது. தினசரி ஷிஃப்டில் எல்லோரிடமும் பத்து நிமிடம் செலவிட முடியாது. மூன்று நான்கு நிமிடமே உங்கள் அளவு. ஆனால் அந்த நான்கு நிமிடத்தில் பாதிக்குமேல் நீங்களே பேசினால் அது பேச்சு இல்லை, அறிவிப்பு.

பிறகு கேட்க வேண்டும். நேராக, ஒரே ஒரு கோரிக்கையாக, எண்ணோடு. “உங்களால முடிஞ்சதைச் செய்யுங்க” என்பது கோரிக்கையே இல்லை. “மாசம் ஐநூறு கொடுக்க முடியுங்களா?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் ஐந்தாறு விநாடி நீளும், அரை மணி நேரம் போலத் தோன்றும். புதியவர்களில் பெரும்பாலோர் அதைத் தாங்க முடியாமல், “இல்லேன்னா நூறு கூடப் போதும்” என்று தாங்களே இறங்கிவிடுவார்கள். அவர் யோசித்துக்கொண்டிருந்த ஐநூறு அங்கே போயிற்று. இறங்குவதென்றால் அவர் ‘அவ்வளவு முடியாது’ என்று சொன்ன பிறகு, ஒரே ஒரு படி.

சிறு தொகை கேட்பதிலும் நுட்பம் உண்டு. ராபர்ட் சியால்டினியும் டேவிட் ஷ்ரோடரும் 1976இல் வெளியிட்ட ஆய்வில், வீடு வீடாகப் புற்றுநோய் நிதி கேட்டவர்களில் ஒரு பகுதியினர் ‘ஒரு சென்ட் (டாலரில் நூறில் ஒரு பங்கு) கொடுத்தாலும் உதவிதான்’ என்ற வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். கொடுத்தவர் விகிதம் சுமார் 29லிருந்து 50 சதவீதமாக உயர்ந்தது, கொடுத்த தொகையும் சுருங்கிவிடவில்லை. கவனியுங்கள், அவர்கள் ஒரு சென்ட் கேட்கவில்லை. சிறு தொகையும் மதிப்புள்ளது என்று மட்டும் சொன்னார்கள். ஒரு முறை வாங்கும் நன்கொடைக்கு இது பொருந்தும், மாதச் சந்தாவுக்கு அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

மறுப்பைப் படிக்கும் விதம்

அதிக நேரம் வீணாவது ‘வேண்டாம்’ சொல்பவரிடம் இல்லை. அவர் ஐந்து விநாடியில் உங்களை விடுவித்துவிடுகிறார், அவருக்கு மனதார நன்றி சொல்லுங்கள். ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் மரியாதைக்காகத் தலையாட்டுபவரிடம்தான் பத்து நிமிடம் கரையும். ஆகவே அவர் சொன்னது கேள்வியா, தள்ளிப்போடலா, மறுப்பா என்று பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

“பணம் எங்க போகுதுன்னு யாருக்குத் தெரியும்?” என்பது மறுப்பு போல ஒலிக்கும், ஆனால் கேள்வி. இதைக் கேட்பவர் கேட்காமல் தலையாட்டுபவரைவிட நல்லவர், அவர் மனதில் கொடுப்பதைப் பற்றிய கணக்கு ஓடுகிறது. பதிவு எண், ரசீது, சரிபார்க்க அலுவலக ஃபோன் எண் மூன்றையும் காட்டுங்கள். தெரியாததைக் கேட்டால் ஊகித்துச் சொல்லாதீர்கள். “தெரியலைங்க, கேட்டுச் சொல்றேன்” என்று அவர் கண்ணெதிரே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பொய் அந்த வாசலோடு நிற்காது, சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

“வீட்டுக்காரரைக் கேட்கணும்” என்பது உண்மையாகவும் இருக்கலாம், தப்பிக்கும் வழியாகவும் இருக்கலாம். “கேளுங்கம்மா. உங்களுக்கு இதுல எப்படிப் படுது?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் தன் கருத்தைச் சொன்னால் உண்மை, கணவர் இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். பேச்சை மாற்றினால் அது மறுப்பு.

“பேப்பர் கொடுத்துட்டுப் போங்க” என்பது பெரும்பாலும் பண்பான ‘வேண்டாம்’. “கொடுக்கிறேங்க. எதைப் பத்தித் தெரிஞ்சா உங்களுக்கு முடிவு பண்ண வசதியா இருக்கும்?” என்று ஒரே ஒரு முறை கேட்கலாம். குறிப்பாக ஏதாவது சொன்னால் மறுபடி வரலாம். “பார்க்கிறேன் பார்க்கிறேன்” என்றால் தாளில் மறுப்பு என்றே போடுங்கள். ‘ஒருவேளை கொடுப்பார்’ என்று ஆசையில் போட்ட குறியை நம்பி, அடுத்த வாரம் இன்னொருவர் அதே வாசலில் வந்து நிற்க நேரும்.

“இப்ப வேலையா இருக்கேன்” என்றால் நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள்: “ஆறரைக்கு வரட்டுங்களா?” சரி என்றால் ஆறரைக்கு அங்கே நின்றாக வேண்டும். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருபவர் குறைவு என்பதாலேயே, வந்தவரிடம் நின்று பேசுவார்கள்.

அளவுகோல் இதுதான்: தயங்கிச் சொன்ன மறுப்புக்கு ஒரு முயற்சி, தெளிவாகச் சொன்ன மறுப்புக்கு முயற்சியே இல்லை. “வேண்டாம்” என்றதும் “நன்றிங்க, வர்றேன்” என்று சொல்லிவிட்டு அந்த நொடியே திரும்புங்கள்.

மறதி நோயுள்ள முதியவர், துக்க வீடு, போதையில் இருப்பவர், நீங்கள் சொல்வதன் பொருள் புரியாமல் கையெழுத்துப் போடத் தயாராக இருப்பவர் ஆகியோரிடம் ‘ஆமாம்’ வந்தாலும் வாங்கக் கூடாது. சட்டச் சிக்கல் பின்னால் வரும் என்பது ஒருபக்கம். அதற்கு முன்பே அது தவறு.

எதற்காகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து

ஓட்டு கேட்கப் போகிறவர் எதிரணிக்காரரிடம் வாதாடக் கூடாது. அவரிடம் செலவழித்த கால் மணி நேரத்தில் நான்கு ஆதரவாளர்களின் கதவு போய்விடும். ஆதரவாளரிடம்தான் வேலை இருக்கிறது. “எத்தனை மணிக்குப் போவீங்க? எங்கேயிருந்து கிளம்புவீங்க? யாரோட போவீங்க?” என்று கேட்டு அவர் வாயாலேயே திட்டத்தைச் சொல்ல வையுங்கள். டேவிட் நிக்கர்சனும் டாட் ராஜர்ஸும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் திட்டத்தைச் சொல்ல வைத்த ஃபோன் அழைப்புகள் வெறுமனே ஊக்கப்படுத்திய அழைப்புகளைவிட அதிகப் பலன் தந்தன. நேரில் போவதன் வலிமைக்கும் சான்று உண்டு. 1998 தேர்தலின்போது அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் சுமார் 30,000 வாக்காளர்களை வைத்து ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் நடத்திய சோதனையில், நேரில் வந்து பேசியது வாக்குப்பதிவைக் கணிசமாக உயர்த்தியது, கடிதம் சிறிதளவே உயர்த்தியது, ஃபோன் அழைப்பால் பயனில்லை. இந்த வேலைக்கு ஆள் தேடுவதற்குக் காரணம் அதுதான்.

நன்கொடை வாங்குபவருக்கு ரசீதே உயிர். பணத்தை வாங்கி, அவர் முன்னாலேயே எண்ணி, தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதி, ரசீதைக் கிழித்துக் கொடுத்த பிறகே பணம் உறைக்குள் போக வேண்டும். சொந்தப் பர்ஸோடு கலக்கவே கூடாது, சில்லறை மாற்றுவதற்குக்கூட.

விற்பவர் தெரிந்திருக்க வேண்டியது, வாங்கியவர் மனம் மாறுவதற்குச் சட்டம் தரும் அவகாசம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வீட்டு வாசலில் செய்த ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். அமெரிக்காவில் கூட்டாட்சி விதிப்படி இத்தகைய பெரும்பாலான விற்பனைகளுக்கு மூன்று வேலை நாள். இதை மறைத்து விற்றால் ஒப்பந்தம் நிலைக்காமல் போகலாம். விற்கும்போதே சொல்லிவிடுவது விற்பனையைக் கெடுப்பதில்லை, ‘பிடிக்கலைன்னா ரத்து பண்ணிடலாங்க’ என்பது தயங்குபவரைப் பல நேரம் நகர்த்துகிறது.

கணக்கெடுப்பவர் கேள்வியை அச்சில் உள்ளபடியே படிக்க வேண்டும். புரியவில்லை என்றால் அதையே மறுபடி படிக்க வேண்டும், சொந்தமாக விளக்கினால் பதில் விளக்கத்துக்கு வந்த பதிலாகிவிடும்.

தாளில் போடும் குறி

ஒவ்வொரு கதவையும் அந்த வீட்டுக் கேட்டைத் தாண்டியதும் குறித்துவிட வேண்டும். நான்கு வீடு முடித்துவிட்டுச் சேர்த்து எழுதலாம் என்றால் எந்த வீட்டில் யார் மறுத்தார் என்பது கலங்கிவிடும். குறிகள் குறைவாக இருந்தால் போதும்:

ஆ – ஆளில்லை (எத்தனை மணிக்குத் தட்டினோம் என்பதோடு)
ம – மறுப்பு
தி – திரும்ப வரவும் (நாள், நேரம்)
ச – சம்மதம்
நு – நுழைய முடியவில்லை: பூட்டிய கேட், நாய், காவலாளி
மொ – மொழி தெரியவில்லை
கூ – கூடாது, இனி யாரும் போக வேண்டாம்

குறிப்பு எழுதும்போது அந்த வீட்டுக்காரர் தாளைப் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்து எழுதுங்கள். ‘சிடுமூஞ்சி’ என்றெல்லாம் வேண்டாம். ‘வயதான அம்மா தனியாக இருக்கிறார்’ என்பதை எழுதவே கூடாது, அந்தத் தாள் தொலைந்தால் திருடனுக்குக் கிடைக்கும் வரைபடம் அது. பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டால் சொல்லக் கூடாது. ஆளில்லாத வீட்டில் நோட்டீஸ் வைத்தால் கதவுக்கு அடியில் முழுதாக உள்ளே தள்ளுங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காகிதம், இங்கே யாரும் இல்லை என்று தெருவுக்கே சொல்லும்.

போகாத வீட்டுக்கு ‘ஆளில்லை’ போடுவது, மர நிழலில் உட்கார்ந்து படிவம் நிரப்புவது எல்லாம் களைத்த நாளில் தோன்றும் ஆசைகள். மேற்பார்வையாளர்கள் ஒரு பகுதி வீடுகளை மறுபடி கூப்பிட்டுச் சரிபார்ப்பார்கள், மாட்டிக்கொள்வீர்கள். மாட்டாவிட்டாலும் கேடுதான். அந்தப் பொய்க் குறியை நம்பி அடுத்த வாரத் திட்டம் போடப்படும். முடியவில்லை என்றால் அட்டையில் ‘இத்தோடு நிறுத்தினேன்’ என்று கோடு போட்டுக் கொடுங்கள், யாரும் தலையை வாங்கப் போவதில்லை.

எண்கள் சொல்லும் நோய்

தினமும் நான்கு எண்: தட்டிய கதவு, திறந்த கதவு, பேச்சு, சம்மதம். ஒரு நாள் எண்ணுக்குப் பொருளில்லை. ஐந்து ஷிஃப்ட் சேர்ந்த பிறகு பாருங்கள்.

தட்டியது அதிகம், திறந்தது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு என்றால் நேரம் தவறு, அல்லது பெல் அடித்துவிட்டு நிற்காமல் ஓடுகிறீர்கள். திறந்தவர்கள் பேச நிற்கவில்லை என்றால் தொடக்க வாக்கியத்தில் கோளாறு. குரல் கீழே விழுகிறதா, அட்டையைப் பார்த்துப் படிக்கிறீர்களா, கதவுக்கு மிக அருகில் நிற்கிறீர்களா என்று கூட வருபவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். பேச்சு நிறைய, சம்மதம் இல்லை என்றால் நீங்கள் கோரிக்கையை வைக்கவே இல்லை என்று பொருள். நன்றாகப் பழகும் சுபாவமுள்ளவர்களுக்கு வரும் நோய் இது. பத்து நிமிடம் சிரித்துப் பேசிவிட்டு, கேட்க வெட்கப்பட்டு நோட்டீஸைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். ஒரு ஷிஃப்டில் தட்டியதே 30க்குக் கீழ் என்றால் நடை மெதுவு, அல்லது ஒரே வாசலில் மாட்டிக்கொள்கிறீர்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்கிரிப்டையும் நேரத்தையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

பாதுகாப்பு

வீட்டுக்குள் போகக் கூடாது. தண்ணீர் கொடுக்கக் கூப்பிட்டாலும், வெயிலாக இருந்தாலும், அன்பாக அழைத்தாலும் வாசலோடு சரி. இருவராகப் போவதானால் ஒரே தெருவின் இரண்டு பக்கம், ஒருவரை ஒருவர் பார்க்கும் தூரம். தனியாகப் போனால் லொகேஷனை ஒருவருக்குப் பகிர்ந்துவிட்டு மணிக்கொரு முறை செய்தி அனுப்புங்கள். யாராவது கத்த ஆரம்பித்தால் விளக்கம் வேண்டாம். “சரிங்க, கிளம்பறேன்” என்று சொல்லி, முதுகு காட்டாமல் கேட் வரை பின்னால் வந்து வெளியேறுங்கள். மனம் ஒரு வாசலைத் தவிர்க்கச் சொன்னால் தவிர்த்துவிட்டு ‘நு’ போடுங்கள். காரணத்தை யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை.

உடம்பைப் பொறுத்தவரை முதலில் போவது தொண்டை, பிறகு பாதம். ஒவ்வொரு பத்து கதவுக்கும் இரண்டு வாய் தண்ணீர். கழிப்பறை எங்கே என்று ஷிஃப்ட் தொடங்கும் முன்பே பார்த்து வையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவீர்கள், குறிப்பாகப் பெண்கள் இதனால் மிகவும் அவதிப்படுகிறார்கள். தொடர்ந்து ஏழெட்டு மறுப்பு வந்தால் குரலில் ஒரு கெஞ்சல் ஏறிக்கொள்ளும். அடுத்தவர் அதை உடனே உணர்ந்துவிடுவார். இரண்டு நிமிடம் நின்று, தண்ணீர் குடித்துவிட்டு, தொடக்க வாக்கியத்தை ஒரு முறை உங்களுக்கே சொல்லிவிட்டுப் போங்கள்.

ஷிஃப்ட் முடிந்ததும்

ரசீதுக் கட்டின் எண்களும் உறையிலுள்ள பணமும் ஒத்துப்போகிறதா என்று இன்னொருவர் முன்னிலையில் எண்ணி, இருவரும் கையெழுத்திடுங்கள். கெட்டுப்போன ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள், ‘ரத்து’ என்று எழுதிக் கட்டிலேயே விட்டுவிட வேண்டும். ‘தி’ குறிகளை நேர வரிசையில் தனித் தாளில் எழுதுங்கள். ‘ஆ’ போட்ட வீடுகளுக்கு அடுத்த முறை அதே நேரத்தில் போகாதீர்கள். செவ்வாய் மாலை ஐந்துக்கு வீட்டில் இல்லாதவர் வியாழன் மாலை ஐந்துக்கும் இருக்க மாட்டார். ஏழு மணிக்கோ சனிக்கிழமை காலையிலோ தட்டுங்கள். மூன்று வெவ்வேறு நேரத்தில் தட்டியும் திறக்காத வீட்டை அந்தச் சுற்றுக்கு விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போகலாம்.